நான்காம் அறை நோயாளி

மாசாயில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற கருணைக் கல்வியகத்தில் ரூபினிக்கு முதல் சோதனை வைத்தார்கள். அந்தப் பிள்ளையிடம் கருணை முப்பத்தொரு சதவீதம்தான் இருக்கிறது என்று முடிவு வந்தது. வாயால் சொல்லியிருந்தால்கூட ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். பச்சைத் தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டல்லவா கையில் கொடுத்தார்கள்.

அவள் அப்பா ஜெயபாலனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். பச்சைத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கா முப்பத்தொன்று? பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் எழுதப் போகிற வழியில், ரவுண்டபோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்த முன்பின் தெரியாத ஆளுக்குத் தன் ஷாலைக் கிழித்து முட்டியில் கட்டுப் போட்டுவிட்டு, பரீட்சைக்கு இருபது நிமிஷம் தாமதமாக ஓடினவள் இவள். அப்படி ஓடியும் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவள்.

கல்வியகத்தின் முதல்வர் டாக்டர் தேவானந்தன் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. அரசாங்க இலாகா ஒன்றில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்ற பிறகு, நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவர், அதுவும் இணையத்தில். மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு ஸ்டாப்வாட்ச், சுவரில் தன்னுடைய பெரிய படம் என்று உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது கேள்வியைப் பாருங்கள் என்றார். நோயாளி ஒருவர் தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேட்பேன் என்று ரூபினி எழுதியிருந்தாள். சரியான விடை அது இல்லையாம். அழுகையை அங்கீகரித்து, உரிய அலுவலருக்குத் தெரிவித்து, பதிவேட்டில் குறிக்க வேண்டுமாம். அதிலும் உட்கார்ந்தது பெரிய தவறாம், ஏனென்றால் கேள்வியில் நாற்காலி பற்றிக் குறிப்பே இல்லை.

"மிஸ்டர் ஜெயபாலன், கருணை பிறவிக்குணம் என்பது பழைய எண்ணம்," என்றார் தேவானந்தன். "பிறவியிலேயே இருந்துவிட்டால் எங்களைப் போன்ற நிறுவனங்கள் எப்படி நடக்கும்?"

ஜெயபாலனுக்கு அந்த இடத்திலேயே எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் போக முடியாது. ஜோகூர் பாருவில் புதிதாக வந்த தனியார் மருத்துவக் கல்லூரியில் முழு உபகாரச் சம்பளத்தோடு நாலே நாலு இடம். அந்த நாலில் ஒன்று கிடைத்தால்தான் ரூபினி டாக்டர். மதிப்பெண் மட்டும் இருந்தால் போதாது, கல்லூரியின் மனப்பாங்கு வாரியம் வைக்கிற கருணைத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். போன வருஷம் நாலு இடத்தையும் பிடித்தவர்கள் இந்த டயர் கடை மாடியில் படித்தவர்கள்தான். ஜெயபாலன் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் தேவானந்தன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பயிற்சிக்கு இந்திய நோயாளி ஒருவர் தேவை, பழைய நோயாளி சிங்கப்பூரில் செக்யூரிட்டி வேலை கிடைத்துப் போய்விட்டார், சனிக்கிழமைகளில் வந்து நோயாளியாகப் படுக்க முடியுமா என்று கேட்டார். படுத்தால் ரூபினிக்குக் கட்டணத்தில் சலுகையாம். இதில் என்ன இருக்கிறது, சும்மா படுத்துக் கிடக்கிறதுதானே என்று ஜெயபாலன் ஒத்துக்கொண்டார்.

சும்மா படுக்கவா விட்டார்கள்! முதல் சனிக்கிழமையே அவருடைய வலி தேறவில்லை. கட்டிலில் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். தேவானந்தன் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு, உங்கள் வலி பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார். வலி என்றால் மூன்று கட்டமாம். முனகல், பிறகு "அய்யோ அம்மா", பிறகு கால் உதறல். இந்திய நோயாளி ஐந்து நிமிஷத்தில் குறைந்தது மூன்று தடவை "அய்யோ அம்மா" சொல்ல வேண்டும் என்று வாரியத்தின் கையேட்டிலேயே இருக்கிறதாம்.

ஜெயபாலன் நியாயமான மனுஷன். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தார். "சார், நெஜமா வலிச்சா நான் சத்தம் போட மாட்டேன் சார். ஒன்னுமில்லன்னு சொல்லுவேன்."

தேவானந்தன் கையேட்டைப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை புரட்டினார். 'ஒன்றுமில்லை' என்பது அங்கீகரிக்கப்பட்ட வலிச் சொற்களின் பட்டியலில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜெயபாலன் சொன்னது சத்தியம். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ரூபினிக்குப் பதினொரு வயதிருக்கும்போது தொழிற்சாலையில் அவர் காலில் பலகைக்கட்டு விழுந்தது. வேலையை முடித்துவிட்டு, மோட்டாரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, என்னங்க ஆச்சு என்று மனைவி பிரேமலா கேட்டதற்கு ஒன்னுமில்ல என்றார். பிரேமலா சமையலுக்குப் போய்விட்டாள். ரூபினி மட்டும் நகரவில்லை. எந்தக் கால்ப்பா என்று கேட்டு, குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். கட்டை விரலில் நகத்தையே காணோம். அன்றைக்குத்தான் இவள் டாக்டருக்குப் படிக்கட்டும் என்று ஜெயபாலன் மனசுக்குள் முடிவு பண்ணினார், யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் தேர்வு என்று வந்துவிட்டால் கையேடு சொல்வதுதான் வலி. ஜெயபாலன் கற்றுக்கொண்டார். தொழிற்சாலையில் எண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே "அய்யோ அம்மா" பழகினார். கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு தடவை முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்து, மூன்றாவது தடவை ஓடிவருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ரூபினியும் கற்றுக்கொண்டாள். நோயாளி அழுதால் மூன்றாவது நொடியில் டிஷ்யூ நீட்ட வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. துக்கச் செய்தி சொன்னால் ஏழு நொடி மௌனம். தோளில் கை வைத்தால் நாற்பத்தைந்து பாகைக் கோணம். அதற்குமேல் சாய்த்தால் உறவு கொண்டாடுவதாகவும், குறைத்தால் போலீஸ்காரன் பிடிப்பதாகவும் அர்த்தமாம். கோணத்தைச் சரிபார்க்க வகுப்பில் மரத்தில் செய்த ஒரு முக்கோணம் இருந்தது. இதில் ஹேமநாதன் என்கிற ஒரு பையன்தான் கல்வியகத்தின் நட்சத்திரம். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் அவன் கை நாற்பத்தைந்தில்தான் போய் நிற்கும்.

வீட்டுப்பாடமும் உண்டு, ஒரு நாளைக்கு மூன்று கருணை. செய்துவிட்டுப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் பிரேமலா கெம்போங் மீன் அரியும்போது கத்தி வழுக்கி விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் கொட்டுகிறது. ரூபினி ஓடிவந்தாள், வந்தவள் சட்டென்று நின்று நிமிர்ந்து, "வணக்கம், என் பெயர் ரூபினி. உங்களிடம் சில கேள்விகள் கேட்கலாமா?" என்றாள்.

"ஒனக்குப் பேரு வச்சதே நான்தாண்டி," என்றாள் பிரேமலா. "பிளாஸ்டர எடு."

பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா இருபது வருஷம் பார்த்த வேலை போன கதையைச் சொல்லி அழுதபோதும் அப்படித்தான். மூன்றாவது நொடியில் டிஷ்யூ வந்தது. தோளில் கை வந்தது. "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்பதும் வந்தது. செல்லம் அக்கா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, புள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று பிரேமலாவிடம் கேட்டுவிட்டுப் போனாள். அந்த வாரம் ரூபினியின் கருணை எண்பத்தெட்டு சதவீதம் ஆனது. தாள்கூட நிறம் மாறி ரோஸ் கலரில் வந்தது. ஜெயபாலனுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நம்ம பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேறு யாரையோ வாங்கிக்கொண்டு வருகிறோமோ என்று இருந்தது. இருந்தாலும் நாலு இடத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனப்பாங்கு வாரியத்திலிருந்தே அவருக்குக் கடிதம் வந்தது. சான்றிதழ் பெற்ற நோயாளிகளின் பட்டியலைத் தேவானந்தன் அனுப்பியிருந்தாராம், உண்மைத் தேர்வில் நான்காம் அறைக்கு இந்திய நோயாளியாக வரவும் என்று எழுதியிருந்தது. ஜெயபாலன் பதறிப்போனார். அதே தேர்வைத்தானே மகளும் எழுதுகிறாள்! ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரே ஜோகூர் பாருவுக்குப் போய் வாரியத் தலைவர் அம்பிகைபாகனைப் பார்த்தார்.

அம்பிகைபாகன் டை கட்டிய, வெள்ளைத் தலைமயிரை வழித்து வாரிய, மிக மரியாதையான மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நோயாளிகள் நிரப்பித் தரவேண்டிய விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தார்.

"இதில் உங்களுக்கு வணிகப் பங்குதாரர் உண்டா என்று கேட்டிருக்கிறோம். அரசியல் கட்சி உண்டா என்று கேட்டிருக்கிறோம். மகள் உண்டா என்று கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது ஒழுங்கீனம், மிஸ்டர் ஜெயபாலன்."

பிறகு எழுந்து வாசல்வரை வந்து, ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நோயாளிக்கு எல்லாத் தேர்வரும் அந்நியர். யாரையாவது தெரிந்ததாக நோயாளி காட்டிக்கொண்டால் அந்தத் தேர்வரின் விண்ணப்பம் அங்கேயே ரத்து. ஜெயபாலன் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

தேர்வு நாள் காலையில் அப்பாவும் மகளும் தனித்தனி வாடகைக் காரில் போனார்கள். ஒரே வீட்டு வாசலிலிருந்து, ஐந்து நிமிஷ இடைவெளியில்.

கல்லூரி முகப்பில் பளபளவென்று ஒரு சக்கர நாற்காலி நின்றது. சிவப்பு ரிப்பன் கட்டி, "காட்சிக்கு மட்டும், தொடாதீர்" என்று அட்டை வைத்திருந்தார்கள். உள்ளே நாலு அறை. முதல் அறையில் மலாய் நோயாளி, இரண்டாவதில் சீன நோயாளி. மூன்றாவதுக்கு ஆள் கிடைக்காததால் அட்டையில் வெட்டிய நோயாளி ஒருவரை நிற்கவைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அட்டை நோயாளிதான் அன்றைக்கு யாரையும் குழப்பவில்லை. நாலாவதில் ஜெயபாலன். மூலையில் மதிப்பெண் போட ஷாமளா என்கிற அதிகாரி ஒரு கைமணியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தேர்வருக்கு ஐந்து நிமிஷம், மணி அடித்தால் அடுத்தவர்.

முதல் பத்துப் பேருக்கு ஜெயபாலன் வஞ்சனையில்லாமல் துடித்தார். ஒவ்வொருவருக்கும் மூன்று "அய்யோ அம்மா", ஒரு கால் உதறல். பதினோராவது ஆள் வந்தபோது இடது தோளில் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது ஆளுக்கு அது நெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. "அய்யோ அம்மா" சொல்ல வாய் திறந்தார், மூச்சு வரவில்லை. வலிக்கிறதா என்று அந்தப் பிள்ளை மலாயில் கேட்டது. அவரும் பழக்க தோஷத்தில், ஒன்னுமில்ல, காத்துப் பிடிச்சிருக்கு என்றார். நோயாளி ஆறுதல் அடைந்தார் என்று ஷாமளா குறித்துக்கொண்டார்.

பதின்மூன்றாவது ஆள் ஏழு நொடி மௌனம் காத்தான். ஜெயபாலனின் நெற்றியில் வேர்வை கொட்டியது. பதினான்காவதாக வந்த ஹேமநாதன் அதைப் பார்த்தான், பார்க்காமல் இல்லை. மூன்றாவது நொடியில் டிஷ்யூ எடுத்து நீட்டினான். இடது தோளில், வலி இருந்த இடத்திலேயே, நாற்பத்தைந்து பாகையில் கை வைத்து, உங்கள் வேதனை எனக்கு முழுமையாகப் புரிகிறது என்று சொன்னான். மணி அடித்ததும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினைந்தாவது ஆள், வேர்வையைப் பார்த்து வேலை போய்விடும் என்ற பயம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதரவுக் குழுக்கள் இருப்பதாகச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். பதினாறாவது ஆள் வந்து போனது ஜெயபாலனுக்குத் தெரியவே இல்லை.

இடையில் ஷாமளா எழுந்து வந்தார். ஒரு வழியாகப் பார்த்துவிட்டார்கள் என்று ஜெயபாலன் நினைத்தார். அந்த அம்மாள் ஒரு துண்டுச் சீட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். "குரல் தெளிவாக இல்லை. இன்னும் சத்தமாக" என்று எழுதியிருந்தது.

அடுத்தது பதினேழு. பதினேழு என்பது ரூபினியின் எண். சொல்லிவிடலாம், நெஞ்சு வலிக்கிறது என்று இப்போதே சொல்லிவிடலாம், ஷாமளா மனுஷிதானே. ஆனால் இப்போது தேர்வை நிறுத்தினால் பதினேழாம் எண் என்ன ஆகும்? யாராவது விசாரிப்பார்கள், அப்பா மகள் என்று தெரியும், அங்கேயே ரத்து. ஐந்து நிமிஷம்தானே! ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் பிள்ளை தப்பித்துவிடும், பிறகு எது வேண்டுமானாலும் ஆகட்டும். ஜெயபாலன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரூபினி கதவைத் திறந்து வந்தாள். முகத்தில் எண்பத்தெட்டு சதவீதக் கருணை ஒரு மாற்றுக் குறையாமல் இருந்தது.

"வணக்கம், என் பெயர் ரூபினி. இன்றைக்கு உங்களுக்கு என்ன தொந்தரவு என்று..."

"வணக்கம் டாக்டர்," என்றார் ஜெயபாலன். மகளை டாக்டர் என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அந்த நிலைமையிலும் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. "ஒன்னுமில்ல டாக்டர். காத்துதான்."

ரூபினி அப்படியே நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. எட்டு மாதப் பயிற்சி முகத்தைவிட்டு இறங்கிப் போனதை ஜெயபாலன் பார்த்தார். பலகைக்கட்டு விழுந்த அன்றைக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை அங்கே நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"ஒன்னுமில்ல டாக்டர்."

அவள் அனுமதி கேட்கவில்லை. வந்து கழுத்தில் கை வைத்தாள். சட்டைக் கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், விட்டதும் விழுந்தது. "அப்பா," என்றாள். "அப்பா, எந்தப் பக்கம்ப்பா?"

மூலையிலிருந்து ஷாமளா கை தூக்கினார். தேர்வர் நோயாளியை உறவுமுறை சொல்லி அழைக்கக்கூடாது, இன்னும் மூன்று நிமிஷம் நாற்பது நொடி இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். ரூபினி அவரைப் பார்த்துக் கத்திய கத்தலை இங்கே எழுத வேண்டாம். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினாள். முகப்பிலிருந்த சக்கர நாற்காலியின் சிவப்பு ரிப்பனை அறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா ஒருத்தி, எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடுகிறவள், எந்தக் கையேடும் படிக்காதவள், வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினாள். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டதும் அந்த மக்சிக்தான்.

நான்காம் அறைக்கு நோயாளி இல்லாமல் போனதால் அட்டை நோயாளியைத் தூக்கி அங்கே வைத்துத் தேர்வைத் தொடர்ந்தார்கள். மிச்சமிருந்த மூன்று பேருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஜெயபாலனுக்கு ரத்தக் குழாயில் அடைப்பு எடுத்து, சின்னதாக ஒரு கம்பிச்சுருள் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பேச்சே இல்லை என்று அங்கே டாக்டர் சொன்னார். அவர் கை எந்தப் பாகையில் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பிரேமலா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காத்தாம் காத்து என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதம் வந்தது. ஜெயபாலனுக்கு வந்தது பாராட்டுக் கடிதம். பதினாறு தேர்வர்களிடமும் ஒரு குறையும் சொல்லாத நோயாளி என்பதால், அடுத்த ஆண்டு மூத்த நோயாளியாகப் பதவி உயர்வு. ரூபினிக்கு வந்ததில் நான்காம் அறைக்குச் சுழியம். அறிமுகத்தை முடிக்கவில்லை, சம்மதம் பெறவில்லை, உறவுமுறை சொன்னார், காட்சிப் பொருளைச் சேதப்படுத்தினார் என்று காரணம் போட்டிருந்தது. நாலு இடத்தில் முதல் இடம் ஹேமநாதனுக்கு. இதுவும் ஒரு வாரியமாய்யா என்று பிரேமலா கடிதத்தைச் சுருட்டி எறிந்தாள். ஜெயபாலன் அதை எடுத்து நீவி மடித்து, ஆஸ்பத்திரி அறிக்கையோடு சேர்த்து மேல்முறையீடு செய்தார்.

கல்லூரிக்கே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்பிகைபாகன் நடுவில், குறிப்பெடுக்க ஷாமளா ஒரு பக்கம், நோயாளியைச் சான்றளித்தவர் என்கிற முறையில் தேவானந்தன் மறுபக்கம். ஆஸ்பத்திரி அறிக்கையை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கையேட்டில் வயிற்று வலி என்று தெளிவாக எழுதியிருக்க, நெஞ்சு வலியோடு வந்தது தனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது என்றார் தேவானந்தன். தன் கல்வியகம் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். ஷாமளா சேர்த்தார்.

பிறகு அம்பிகைபாகன் பேசினார்.

"நீங்கள் பிழைத்ததில் வாரியத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் பிழைப்பதற்கு எங்கள் பட்டியலில் மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. அன்றைக்கு எங்களுக்கு நோயாளிகள்தான் தேவைப்பட்டார்கள், நோய் தேவைப்படவில்லை. யோசித்துப் பாருங்கள், பதினாறு பிள்ளைகள் முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். திடீரென்று உண்மையான நோயைக் கொண்டுவந்து வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று உங்கள் மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அதை நாங்கள் திறமை என்று ஒத்துக்கொண்டால், மற்றவர்களைத் தேர்ந்தெடுத்த எங்களை என்னவென்று சொல்வது?"

அவரே சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ரூபினி மறுபடி எழுதலாம், அதற்குமுன் தேவானந்தனிடம் உணர்ச்சிக் கட்டுப்பாடு என்கிற தனிப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். தேவானந்தன் விண்ணப்பப் பாரத்தைத் தயாராக நீட்டினார். ரூபினி அதை வாங்கவில்லை. எழுந்து கதவுப் பக்கம் போய் அப்பாவுக்காக நின்றாள்.

விசாரணை முடிந்தால் மனுதாரரை நலம் விசாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது போலும். அம்பிகைபாகன் மேசையைச் சுற்றிவந்து ஜெயபாலனின் தோளில் கை வைத்தார், அதே நாற்பத்தைந்து பாகை.

"இப்போது எப்படி இருக்கிறது?"

"ஒன்னுமில்லைங்க சார்," என்றார் ஜெயபாலன்.

அம்பிகைபாகன் நிம்மதியாகத் தலையாட்டினார். மனுதாரர் திருப்தி அடைந்தார் என்று ஷாமளா எழுதி, கீழே கோடும் போட்டார். கதவுப் பக்கம் நின்ற ரூபினி மட்டும் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்து அப்பா முன்னால் குனிந்தாள்.

"எந்தப் பக்கம்ப்பா?"

ஜெயபாலனுக்குக் காட்டப் பக்கம் இல்லை. நெஞ்சில் கம்பிச்சுருள் ஒழுங்காகத்தான் இருந்தது. வலித்தது வேறு. பரீட்சைக்கு ஓடின அவசரத்திலும் ஷாலைக் கிழித்த பிள்ளை, எட்டு மாதம் முக்கோணம் வைத்து அளக்கப்பட்ட பிள்ளை, அப்பாவை உயிரோடு மீட்டதற்காகச் சுழியம் வாங்கிக்கொண்டு எதிரில் நிற்கிறது. அவர் மகளைப் பார்த்தார், அம்பிகைபாகனைப் பார்த்தார். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

"வலிக்குது சார்."

கட்டடத்துக்கே கேட்டிருக்கும். தாழ்வாரத்தில் மக்சிக் தரை துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அம்பிகைபாகன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தேவானந்தன் கையேட்டைத் தேடினார். ஷாமளா மட்டும் முகம் மலர்ந்து பேனாவை எடுத்து, கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்.

"நோயாளியின் குரல் இப்போது தெளிவாக இருக்கிறது. நல்ல முன்னேற்றம்."